வைகாசியில் போடாத ஊசி

அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று மரகதம் சிஸ்டர் சொல்லிவிட்டாள். பஞ்சை அமுக்கிப் பிடி, தேய்க்காதே என்றும் சொன்னாள். அதனால் சங்கரேஸ்வரி இரண்டு கட்டைவிரலையும் பிள்ளையின் இரண்டு தொடையிலும் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்றரை மாதப் பிள்ளை. தொடைக்கு ஒன்றாக இரண்டு தடுப்பூசி. வீரிட்டு அழுது ஓய்ந்து இப்போது விக்கல் மாதிரி ஒன்று மட்டும் வந்துகொண்டிருந்தது. அதுவும் நின்றுவிடும், நின்றால் தூங்கிவிடும், சாயங்காலம் காய்ச்சல் வரும், வந்தால் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும், எத்தனை சொட்டு என்று சிஸ்டர் சொன்னது காதில் விழுந்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. திரும்பப் போய்க் கேட்கலாம். கேட்க எழுந்தால் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று எழுந்து போகிற பொம்பளைகள் உண்டு. பாக்கியக்கா அப்படித்தான், கிளம்பின பஸ்ஸை ஒரு தட்டுத் தட்டி நிறுத்தி, ஏறி, டிரைவரிடமே ஊர்க்கதை பேசிக்கொண்டு வருவாள். அவள் இருந்தால் இந்நேரம் எத்தனை சொட்டு, எத்தனை மணிக்கு ஒரு தடவை, மருந்தைப் பாலுக்கு முன்னால் கொடுக்கலாமா பின்னால் கொடுக்கலாமா என்று எல்லாம் கேட்டு வந்திருப்பாள், அவள் இருந்தால். இருந்தால் என்று ஆரம்பிக்கிற எதையும் சங்கரேஸ்வரி முடிப்பதில்லை. நாலு வருசமாக அப்படி. வார்த்தை அந்த இடம்வரைக்கும் வரும், பிறகு தண்ணீர் நின்றுபோன குழாய் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வரும். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து பத்து. பத்து நாற்பதுக்குப் போகலாம். ஏழாவது வகுப்போடு நின்றவள்தான் என்றாலும் மணி பார்க்கத் தெரியும், நாள் எண்ணத் தெரியும். நாள் எண்ணுவது கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

பாக்கியக்கா என்றால் குருபாக்கியம், சங்கரேஸ்வரியின் புருசன் முனீசுக்கு அண்ணன் பெண்டாட்டி, அவளுக்கு ஓரகத்தி. கொரோனா வந்த இரண்டாம் வருசம், ஆனி மூன்றாம் தேதி செத்துப்போனாள். அந்த அண்ணன் காளிராஜ்தான் இப்போது வெளியே, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்திக்கொண்டு, வெயிலில் நிற்கிறான். உள்ளே ஃபேன் ஓடுகிறது, பெஞ்சில் இடமும் இருக்கிறது, ஆனாலும் வரமாட்டான். முனீசுக்குத் தறியில் பகல் ஷிப்ட், அத்தைக்குக் கால் வீங்கிக் கிடக்கிறது, வேறு வழியில்லாமல் மூத்தாரின் வண்டியில் வந்தாள். வரும்போது பிள்ளையின் துணிப்பையை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். மூத்தாரோடு முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. சோறு வேண்டுமா என்று கேட்பதானாலும் சுவரைப் பார்த்துக் கேட்க வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு சுவருக்குப் பதில் பிள்ளை. வழியில் ஸ்பீடு பிரேக்கர் வந்தபோதுகூட அவன், "ஏ குட்டி, உங்கம்மாவக் கெட்டியாப் பிடிச்சுக்கிடச் சொல்லு" என்றான். அவளும் பிள்ளையின் காதில், "சரின்னு சொல்லு" என்றாள். இந்த நாலு வருசத்தில் அவனுக்கு என்று நேராக அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல ஒன்றே ஒன்று இருந்தது. அது பிள்ளை வழியாகச் சொல்லக்கூடியது இல்லை. அவன் இந்தக் கட்டடத்துக்குள் காலை வைக்காமல் இருப்பதற்குக் காரணம் மரகதம் சிஸ்டர். என் பெண்டாட்டிக்குப் போட வேண்டிய ஊசியைப் போடவிடாமல் எழுப்பி அனுப்பியவள் என்று காரியம் முடிந்த பதினாறாம் நாள் இதே கேட்டில் நின்று கத்தினான், உன் கை விளங்காமல் போகும் என்று மண்ணை வாரித் தூற்றினான், நாலு பேர் பிடித்து இழுத்துப் போனார்கள். முனீஸ் வந்து சொன்னபோது சங்கரேஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், கேட்டுவிட்டு மீதி வெங்காயத்தையும் உரித்தாள்.

சுடிதார் போட்ட ஒரு பெண் கையில் பெரிய செல்போன் மாதிரி ஒரு டேப்போடு உள்ளே வந்தது. மதுரையில் ஏதோ காலேஜாம், பேர் ஜெனிட்டாவாம். "கொரோனா நேரத்துல ஊசி விஷயமா கவர்மெண்டு எடுத்த முடிவுகள் இருக்குல்லக்கா, அதையெல்லாம் இப்பத் திரும்பிப் பாக்கும்போது சரியாப் படுதா தப்பாப் படுதான்னு ஒரு சர்வே, அஞ்சே நிமிசம்." சர்க்கரை மாத்திரை வாங்க வந்திருந்த பஞ்சவர்ணம், நூறு நாள் வேலைக்காரி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இப்பத் திரும்பிப் பாத்து என்னத்தா செய்யப் போற, செத்தவுகளுக்கா ஊசி போடப் போற?" என்றாள். "இல்லக்கா, அடுத்த தடவ இப்படி ஒண்ணு வந்தா..." "அடுத்த தடவ வேறயா! வாயில நல்ல வார்த்தையாச் சொல்லு." பிரஷர் பார்க்க வந்த ஷேர் ஆட்டோ அய்யாத்துரை சிரித்தான். அவன்தான் முதலில் மாட்டினான். வேலைக்கு வர ஊசி கட்டாயம் என்று வைத்தது சரியா என்று அது கேட்க, "தப்பு. நூத்துக்கு நூறு தப்பு. என் உடம்பு, என் கை. ஊசி போட்டாத்தான் ஸ்டாண்டுல வண்டின்னா அது மிரட்டல்தான?" என்றான். "போட்டதாலதான் இங்கன உக்காந்து தப்புன்னு சொல்லுத" என்றாள் பஞ்சவர்ணம். "போடாதவனும் உசுரோட இருக்கான் மதினி." "அவன் போட்ட எங்களால இருக்கான்." "நீங்க நாட்டுக்காகப் போட்டீகளாக்கும்? குலுக்கல்ல பிளாஸ்டிக் குடம் குடுத்தாக, குடத்துக்குப் போட்டீக." "குடத்துக்குத்தான் போட்டேன், யாரு இல்லன்னா? குடம் அந்த வருசமே ஓட்டையாப் போச்சு, நான் இருக்கேன்ல." எல்லோரும் சிரித்தார்கள், ஜெனிட்டாவும் சிரித்தது, சங்கரேஸ்வரியின் முகமும் சிரிப்பது மாதிரி ஆகிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, அதை எப்போது இறக்க வேண்டும் என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்தது, முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே நாளைக் கூட்டினார்களே, அது. "மருந்து கையில இல்ல, நாளத் தள்ளுனான், அதுக்கு ஆராய்ச்சின்னு பேரு வச்சான்" என்றான் அய்யாத்துரை. "ஏன் தம்பி, நீ படிச்சது அஞ்சாப்பு, நீ கண்டியா ஆராய்ச்சிய?" "கண்ணால பாத்தேன்ல மதினி, ரெண்டாவது ஊசிக்கு மூணு தடவ வந்து திரும்புனேன்." தேதி, வாரம், மாசம் என்று பேச்சு ஓடியது, கடிகாரத்தில் பத்து பதினெட்டு, பிள்ளை தூங்கிவிட்டது, ஃபேன் சுற்றும்போது ஒரு பக்கம் மட்டும் டக்கென்று தட்டியது, அந்தத் தட்டலுக்காகக் காத்திருப்பது சுகமாக இருந்தது. அப்போது ஜெனிட்டா படித்தது: "கர்ப்பிணிகளுக்கு முதல்ல ஊசி கிடையாதுன்னு வச்சிருந்தாங்க, பெறகு போடலாம்னு மாத்துனாங்க. முதல்லயே போட்டிருக்கணுமா?"

முதலிலேயே. வைகாசி பத்தாம் தேதி. பேண்டேஜ் கம்பெனி முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஊரெல்லாம் அடைத்துக் கிடந்தபோதும் பேண்டேஜ் கம்பெனி மட்டும் அடைக்கவில்லை, ஆஸ்பத்திரிகளுக்குத் துணி போயாக வேண்டும், தறி ராத்திரி பகலாக ஓடியது, பொம்பளைகள் எல்லோரும் வெட்டி, சுருட்டி, பாக்கெட் போட்டார்கள். அதனால் இங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு முதல் சலுகை என்று ஊசி முகாமே உள்ளே வந்தது. ஆம்பளை வரிசை அந்தப் பக்கம், பொம்பளை வரிசை இந்தப் பக்கம், நடுவில் ஒரு கயிறு, அவ்வளவுதான், பேசுவதெல்லாம் கேட்கும். பாக்கியக்காவுக்கு அப்போது இரண்டாவது மாசம். அதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. முதலாவதை ஊருக்கே சொல்லி, வளையல் எல்லாம் பேசி வைத்து, மூன்றாம் மாசம் போனது. அதனால் இதை மூணு மாசம் முடிகிறவரைக்கும் வாயைத் திறந்து சொல்வதில்லை என்று முடிவு. அத்தைக்குக்கூடத் தெரியாது. காளிராஜுக்குத் தெரியும், சங்கரேஸ்வரிக்குத் தெரியும், அவளுக்கும் சொல்லியிருக்கமாட்டாள், ஒருநாள் கிணற்றடியில் வாந்தி எடுத்ததை இவள் பார்த்துவிட்டாள், அதனால் சொன்னாள். பாக்கெட் செக்ஷனில் கூட உட்கார்ந்த ஒருத்தி முந்தின வாரம் கொரோனாவில் போயிருந்தாள். பாக்கியக்கா பயந்திருந்தாள். பயந்தால் அவளுக்குக் கேலிதான் வரும். "ஒரே குத்துல ரெண்டு உசுருக்குக் காவல், எனக்குத்தான் லாபம்" என்று வரிசையில் நின்று கிசுகிசுத்தாள். மரகதம் சிஸ்டர் ஒவ்வொருத்தியையும் கேட்டாள், முழுகாம இருக்கியா, தலைக்குக் குளிச்சு எத்தனை நாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. பாக்கியக்கா சட்டென்று, "பத்து நாளாச்சு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஜாக்கெட் கையைச் சுருட்டினாள். சிஸ்டர் குப்பியிலிருந்து மருந்தை ஏற்றிக்கொண்டே, நேரம் மிச்சம் பிடிக்க, அடுத்து நின்றவளைக் கேட்டாள்: "நீ? முழுகாம இருக்கியா?" கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆம்பளைகள். அதில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணமாகி ஐந்து மாசம். காது இரண்டும் கொதித்தது. "நான் இல்ல சிஸ்டர், அக்காதான்" என்று சங்கரேஸ்வரி சொன்னாள்.

அவ்வளவுதான் சொன்னது. மெதுவாகத்தான் சொன்னது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்காது. சிஸ்டர் கையில் ஊசியோடு நின்றாள், பாக்கியக்காவைப் பார்த்தாள், குனிந்து காதோடு என்னவோ சொன்னாள், கர்ப்பிணிக்குப் போட உத்தரவு இல்லம்மா, எந்திரி, எனக்கு வேலை போயிரும். பாக்கியக்கா சுருட்டின கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் சங்கரேஸ்வரியின் தோளைத் தொட்டு நாற்காலிப் பக்கமாகத் தள்ளிவிட்டாள், உட்காரு என்கிற மாதிரி. அவள் உட்கார்ந்தாள். நாற்காலியில் சூடு இருந்தது. ஏற்றின மருந்து வீணாகக் கூடாது. குப்பிக்குப் பத்துப் பேர், ஒரு ஆளுக்கு உள்ளதைக் கீழே ஊற்றினால் சிஸ்டர் பதில் சொல்ல வேண்டும். அதனால் பாக்கியக்காவுக்கு என்று ஏற்றின ஊசியைத்தான் சங்கரேஸ்வரிக்குப் போட்டாள். எறும்பு கடித்த மாதிரி இருந்தது. பிறகு அரை மணி நேரம் பந்தலில் உட்கார வைத்தார்கள். பாக்கியக்கா ஊசி போடாமலே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வலிக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றாள் சங்கரேஸ்வரி. அதற்கு மேல் அதைப் பற்றி இரண்டு பேரும் பேசியதே இல்லை. வீட்டில் வந்து காளிராஜ் கேட்டபோது பாக்கியக்கா கஞ்சி வடித்துக்கொண்டே சொன்னாள்: "அந்த நர்ஸு என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிட்டா, பெரிய கைகாரி." சொல்லும்போது சங்கரேஸ்வரி நின்ற பக்கம் திரும்பவில்லை. சோற்றுப் பானையை நிமிர்த்தினாள், ஆவி மேலே வந்தது, அதற்குள் முகம் தெரியவில்லை. அந்த முகம் எப்படி இருந்திருக்கும். கோபமாக இருந்ததா, சிரித்ததா. நாலு வருசமாக அந்த ஆவியை விலக்கிப் பார்க்கிறாள், விலக விலக ஆவிதான் வருகிறது.

முகாம் முடிந்து பதினஞ்சாம் நாள் பாக்கியக்காவுக்குக் காய்ச்சல். இருபத்துநாலாம் நாள் செத்துப்போனாள், வயிற்றில் இருந்ததும். செத்துப் பதினஞ்சாம் நாள், கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்வது நல்லது என்று டிவியில் சொன்னார்கள். பாக்கியக்காவுக்கு வரிசையில் நின்றபோதே தெரிந்தது பெரிய டாக்டர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கோட்டுப் போட்ட மூன்று பேர் உட்கார்ந்து, முன்னாலேயே அனுமதித்திருக்க வேண்டும் என்று ஒருத்தரும், அன்றைக்கு அதைச் சோதித்துப் பார்த்த விவரம் கையில் இல்லை, தெரியாததை எப்படிப் போடுவது என்று ஒருத்தரும் பேசினார்கள். இரண்டும் சரி மாதிரிதான் இருந்தது. காளிராஜ் பாதிச் சோற்றில் கை கழுவி எழுந்துபோனான். அவள் தட்டை எடுத்துக் கழுவினாள். ஊசி போட்டாலும் உடம்பில் பிடிக்க இரண்டு வாரம் ஆகுமாம், அப்படியானால் பதினாலு நாள், காய்ச்சல் வந்தது பதினஞ்சாம் நாள், ஒருநாள் மிச்சம். காய்ச்சல் வருவதற்கு நாலைந்து நாள் முன்னாலேயே தொற்றியிருக்கும் என்றும் சொன்னார்கள், அப்படியானால் பத்து நாள், பத்து நாளில் பிடித்திருக்காது, போட்டிருந்தாலும் செத்திருப்பாள். அந்தக் கணக்கு நல்ல கணக்கு. ஆனால் பாதி பிடித்திருந்தால்கூட உயிர் தங்கியிருக்கும் என்று ஆஸ்பத்திரி வாசலில் ஒரு அம்மா சொன்னது. அப்போது மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். கடலை உடைக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, இந்தப் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது. எண்ணுவதில் துக்கம் எதுவும் இல்லை. துக்கம் வந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கை மட்டும் ஓடுகிற மாதிரி அது ஓடியது. எண்ணி முடிக்கிற இடத்தில் ஒரே கேள்விதான் நிற்கும். எதற்காகச் சொன்னாள்? ஊசி போட்டால் வயிற்றில் இருப்பது கலைந்துவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு, ஏற்கெனவே இரண்டு போயிருக்கிறது, அந்தப் பயத்தில் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அவள் நல்லவள். இல்லை, கல்யாணமாகி ஐந்து மாசம் ஆகியும் தனக்கு இல்லை, அக்காவுக்கு இருக்கிறது என்று ஒரு பொறாமை. அப்படியென்றால் அவள் கெட்டவள். இரண்டில் எது என்று தெரிந்தால் போதும், அதற்குத் தகுந்த மாதிரி இருந்துவிடலாம். ஆனால் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால் பயமும் இல்லை, பொறாமையும் இல்லை, காது கொதிக்கிறது மட்டும் இருக்கிறது, இரண்டு ஆம்பளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் இருக்கிறது.

"அக்கா, நீங்க சொல்லுங்க, முதல்லயே போட்டிருக்கணுமா?" ஜெனிட்டா அவளுக்கு எதிரே வந்து முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தது. சங்கரேஸ்வரி பிள்ளையின் தொடைப் பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் அமுக்கினாள். "கைப்புள்ளக்காரி, அதுக்கு வெக்கம்" என்றாள் பஞ்சவர்ணம். அதே நேரத்தில் மேஜைக்குப் பின்னாலிருந்து மரகதம் சிஸ்டர், "சங்கரேஸ்வரி, அட்டையக் குடு, தேதி எழுதணும்" என்றாள். அட்டை வண்டிப் பெட்டியில் இருந்தது. வாசலைப் பார்த்தாள். வாசலில் காளிராஜ் நின்றுகொண்டிருந்தான், கையில் அட்டை. எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அட்டையைச் சிஸ்டரிடம் கொடுக்காமல் பெஞ்சில் பிள்ளையின் பக்கத்தில் வைத்தான். "நான் சொல்லுதேன்" என்றான் ஜெனிட்டாவிடம். "போட்டிருக்கணும். என் வீட்டுக்காரிக்குப் போட்டிருக்கணும். உக்காந்துட்டா, கையச் சுருட்டிட்டா, ஊசி ஏத்தியாச்சு. எழுப்பி விட்டாக. எழுதிக்கிடும்மா. உத்தரவு தப்பு, சரி, அது மேல உள்ளவன் போட்டது. ஆனா மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிச்சு எழுப்புனது உத்தரவு இல்ல. அது இந்தா இவுக. மரகதம். பேரையும் எழுதிக்கிடு." ஜெனிட்டா எழுதியது. விரல் கண்ணாடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. சிஸ்டர் எழுந்துவிட்டாள். கத்துவாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. "கேட்டுல நின்னு மண்ணு வாரிப் போட்டவர்தான நீங்க" என்றாள். "நானும் அன்னிக்கிருந்து யோசிச்சுப் பாத்துட்டேன்யா. அன்னிக்கு மட்டும் நூத்தி எம்பது பேருக்குப் போட்டேன், சோறு திங்கல, ஒண்ணுக்குப் போகல, அந்தக் கொரோனா உடுப்புக்குள்ள. உங்க வீட்டம்மா மூஞ்சி எனக்கு ஞாபகம் இல்ல. மன்னிச்சுக்கங்க, உள்ளதச் சொல்றேன். ஆனா ரெண்டு மாசக் கர்ப்பத்த மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்க என்னால முடியாது. எந்த டாக்டராலயும் முடியாது. அவங்களே சொல்லியிருப்பாங்க, இல்லன்னா யாராவது சொல்லியிருப்பாங்க." "அவ சொல்லமாட்டா" என்றான் காளிராஜ். "அவ போடணும்னுதான் பொய் சொன்னா. அப்ப யாரு சொன்னது?" கேட்டது சிஸ்டரைத்தான். கேட்ட பிறகு அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது, நாலு வருசமாகச் சாய்ந்திருந்த சுவரைத் தட்டிப் பார்த்தவன் மாதிரி.

சொல்லாமல் இருக்கலாம். சிஸ்டருக்கு ஞாபகம் இல்லை. பாக்கியக்கா சொல்லப் போவதில்லை. யாரோ, கம்பெனியில் நூறு பொம்பளைகளில் யாரோ ஒருத்தி என்று போய்விடும், அவன் நூறு பேரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு இருப்பான், சாகும்வரை. கடிகாரத்தில் பத்து முப்பத்தாறு. நாலு நிமிசம். ஃபேன் தட்டியது. "நான்தான்" என்றாள் சங்கரேஸ்வரி. பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள், தொண்டைக்குள்ளேயே சொன்னாள், பிள்ளை தூக்கத்தில் சிணுங்கியதில் அது யார் காதிலும் விழவில்லை. விழவில்லை என்று தெரிந்ததும் உடம்பு லேசானது. சொன்னது மாதிரியும் ஆயிற்று, சொல்லாதது மாதிரியும் ஆயிற்று. இதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டாம். அந்த லேசு ஒரு மூச்சு நேரம் இருந்தது. அன்றைக்கு வாய் தானாகச் சொன்னது, இப்போதும் தானாகத்தான் வந்தது, இன்னொரு தடவை சொன்னால் அது தானாக வந்ததாக இருக்காது. அவள் தலையை நிமிர்த்தி மூத்தாரின் முகத்தைப் பார்த்தாள். மீசையில் இத்தனை நரை இருப்பது அவளுக்குத் தெரியாது. "நான்தான் சொன்னேன் பெரியத்தான். சிஸ்டர் என்னைய முழுகாம இருக்கியான்னு கேட்டாக. நான் இல்ல, அக்காதான்னு சொல்லிட்டேன். அக்காவுக்குப் போட ஏத்துன ஊசியத்தான் எனக்குப் போட்டாக. அக்காவுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்ககிட்ட மாத்திச் சொன்னாக."

பஞ்சவர்ணம் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டாள். காளிராஜ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவளும் குனியவில்லை, குனிய வேண்டும் என்று தோன்றவில்லை, எதுவுமே தோன்றவில்லை. அவன் பிள்ளையிடம் பேசவில்லை. நேராக அவளிடம் கேட்டான்: "புள்ளைக்கு எதுவும் ஆயிரும்னு பயந்துபோய்ச் சொன்னியா?" அவன் குரலில் ஒரு இறைஞ்சல் இருந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும். அவளுக்கும் போதும், அவனுக்கும் போதும். நாலு வருசமாக அவள் தேடினதை எடுத்துக் கையில் கொடுக்கிறான். "இல்ல" என்றாள். "வெக்கத்துல சொன்னேன். ஆம்பளைக எல்லாரும் பாத்தாக. என் மேலருந்து அந்தப் பேச்சு போனாப் போதும்னு இருந்துச்சு." அவ்வளவு சின்னதாக இருந்தது அது. அதை வெளியே எடுத்து வைத்த பிறகுதான் எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. அவன் பெஞ்சில் உட்கார்ந்தான், பிள்ளையின் அட்டைக்கு அந்தப் பக்கம். அய்யாத்துரை எழுந்து வெளியே போய்விட்டான். "நேரம் ஆயிருச்சு, நீ போகலாம்" என்று சிஸ்டர் மெதுவாகச் சொன்னாள். சங்கரேஸ்வரி எழவில்லை. காளிராஜ் ஜெனிட்டாவின் கையிலிருந்த டேப்பைக் காட்டி, "ஏம்மா, நான் ஒரு பேரு சொன்னேன்ல, எழுதிட்டியா?" என்றான். "எழுதிட்டேன் சார்." "அத அழிச்சிரு." அது அழித்தது. "அந்த எடத்துல வேற என்ன போடணும் சார்?" காளிராஜ் சிஸ்டரைப் பார்த்தான், பிறகு சங்கரேஸ்வரியைப் பார்த்தான், பிறகு தன் இரண்டு கைகளைப் பார்த்தான். "ஒண்ணும் போடாத. சும்மா விடு." "சும்மா விட்டா அடுத்த கேள்விக்குப் போகாது சார், இதுலயே நிக்கும்" என்றது அந்தப் பெண், பயந்துபோய். "நிக்கட்டும்" என்றான் காளிராஜ்.